ஷிம் ஒன்று மிஞ்சிவிட்டது: பழைய 125 சிசி வண்டியின் கியர்பாக்ஸை மறுபடி பூட்டுவது பற்றி

மூன்றாம் கியர் எழுதியது:

1950களின் தொடக்கத்தில் வந்த 125 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைச் சீரமைத்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. கிராங்க் கேஸ் நெட்டுவாக்கில் இரண்டு பாதியாகப் பிரிகிறது. மொத்தம் மூன்று கியர். ஆக்சிலரேட்டரைத் தளர்த்திய மறுகணம் இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்குப் போய்விடுகிறது என்பதால்தான் பெட்டியைத் திறந்தேன். பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் மாற்றியாயிற்று.

கழற்றும்போது வாஷர்களையும், இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையத் தகடுகளான ஷிம்களையும் வரிசை குலையாமல் ஒரு கம்பியில் கோத்து வைத்திருந்தேன். வேலை நின்றுபோன ஏழு மாதத்தில் பெட்டியை இடம் மாற்றியபோது கம்பி அவிழ்ந்து, எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டிக் கலந்துவிட்டன. பாகங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் படம் ஒன்றை வைத்துக்கொண்டு பூட்டி முடித்தேன். ஒரு ஷிம் கையில் மிஞ்சி நிற்கிறது. உள்விட்டம் 16 மிமீ, வெளிவிட்டம் 22 மிமீ, வெர்னியரில் கனம் 0.4 மிமீ.

இன்னொரு சிக்கலும் உண்டு. கேஸை மூடி ஸ்க்ரூக்களை இறுக்கிய பிறகு முதல் கியரும் இரண்டாவதும் விழுகின்றன, மூன்றாவது விழவில்லை. இந்த ஷிம் எந்த இடத்துக்கு உரியது, மூன்றாவது விழாததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

எண்ணெய்க் கை எழுதியது:

முதலில் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். மேசைமேல் வைத்து கியர் மாற்றும்போது ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே மாற்றினீர்களா? இந்த வகைப் பெட்டியில் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே சுற்றுகின்றன. கியர் விழுவது என்பது பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் டாக்குகள் எதிர்ச் சக்கரத்தின் இடைவெளிக்குள் நுழைவதுதான். இரண்டு டாக்குகள் முகத்தோடு முகம் முட்டி நின்றுவிட்டால், ஷாஃப்ட் சற்றுத் திரும்பும்வரை நெம்புகோலை எவ்வளவு அழுத்தினாலும் கியர் விழாது. ஓடும் வண்டியில் ஷாஃப்ட் தானாகவே சுற்றுவதால் நாம் அதைக் கவனிப்பதில்லை.

நெம்புகோலை உதைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளி கியரை மாற்றும் ஃபோர்க் வளைந்துவிடும், வளைந்ததும் வெளியில் தெரியாது.

மூன்றாம் கியர் எழுதியது:

கிளட்ச் பக்கம் ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே மாற்றிப் பார்த்தேன். பத்து முறையில் ஏழு முறை மூன்றாவது விழுகிறது. ஆனால் இரண்டாவது கியரில் போட்டு, ஸ்பிராக்கெட்டைத் துணியால் பிடித்துக்கொண்டு கிளட்ச் பக்கத்தை முன்னும் பின்னும் வலுவாகத் திருகினால் மெல்ல நழுவி வெளியே வந்துவிடுகிறது. எந்தக் குறைக்காகப் பெட்டியைத் திறந்தேனோ அது அப்படியே இருக்கிறது என்று அஞ்சுகிறேன்.

லேத் பட்டறை எழுதியது:

அப்படியானால் மூடியதைத் திறக்கத்தான் வேண்டும். படத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பாகங்களையே கேளுங்கள். அறுபது எழுபது ஆண்டு ஒரே இடத்தில் இருந்த ஷிம் தன் முகவரியை முகத்திலேயே எழுதி வைத்திருக்கும்.

ஷிம்மைப் பெட்ரோலில் கழுவி, சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்து இரு முகங்களையும் பாருங்கள். சுற்றும் சக்கரத்தைத் தொட்ட முகம் வட்டக் கோடுகளோடு பளபளக்கும். அலுமினிய வார்ப்பைத் தொட்ட முகம் மங்கலாகவும் சாம்பல் படிந்தும் இருக்கும். பளபளப்பு எந்த விட்டத்தில் தொடங்கி எந்த விட்டத்தில் முடிகிறது என்பதை அளந்துகொண்டு, அதே அளவுள்ள தேய்வு வளையத்தைப் பல்சக்கரங்களின் பக்கங்களிலும் ஷாஃப்ட்டைத் தாங்கும் உலோகக் குழலான புஷ்ஷின் விளிம்புகளிலும் தேடுங்கள். எங்கே பொருந்துகிறதோ அதுதான் அதன் இடம்.

கனத்தை வெர்னியரில் அளந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தேய்ந்த ஷிம்முக்கு அது போதாது. நடுவில் தேய்ந்து பள்ளமாகியிருந்தாலும், வெர்னியரின் தட்டையான தாடைகள் தேயாத விளிம்பின் மேல் அமர்ந்து பழைய கனத்தையே காட்டும். மைக்ரோமீட்டரின் முனை பள்ளத்துக்குள் இறங்காத அளவுக்குத் தடம் குறுகலாக இருந்தால், இடையே ஒரு சிறிய எஃகுக் குண்டை வைத்து அளந்து, குண்டின் விட்டத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பேரிங் மாற்றினீர்கள் அல்லவா, அவை அடிவரை அமர்ந்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். கேஸைச் சூடாக்காமல் அடித்து இறக்கியிருந்தால் பேரிங் சரிந்து, அரை மில்லிமீட்டர் மேலே நின்றிருக்கக்கூடும். ஷாஃப்ட் முழுவதுமே இடம் பெயர்ந்துவிடும். அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியக்கூடியது. 40 மிமீ துளை கொண்ட கேஸை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.07 மிமீ அளவுக்கு விரிந்து, குளிர்ந்த பேரிங் தன் எடையிலேயே இறங்கிவிடும். தண்ணீரைத் தெளித்தால் சுர்ரென்று துள்ளும் சூடு போதும். சீல்களை மாட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறேன், ஒரு முறை நானே சீலோடு சேர்த்துச் சுட்டிருக்கிறேன்.

வலமும் இடமும் எழுதியது:

லேத் பட்டறை படத்தை ஒதுக்கிவிட்டார், நான் அதைப் பற்றித்தான் கேட்கிறேன். அந்தப் படம் இதே வண்டிக்குரியதா, அல்லது இதன் உறவுக்கார வண்டிக்குரியதா?

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. இந்த வகுப்பு வண்டிகளில் பல, ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125 என்ற ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. ஹெர்மன் வெபர் வடிவமைத்து, போருக்குச் சற்று முன்பு வந்த வண்டி அது. போர் முடிந்த பிறகு அதன் வரைபடங்கள் பல நாடுகளுக்குப் போயின. 1948இல் வந்த பிஎஸ்ஏ பான்டம், ஹார்லி டேவிட்சனின் 125 சிசி வண்டி, யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான 1955ஆம் ஆண்டு ஒய்ஏ-1 ஆகிய மூன்றும் அந்த வழியில் வந்தவையே. இவற்றில் பான்டமின் எஞ்சினை, கியர் நெம்புகோல் வலப்புறம் வர வேண்டும் என்பதற்காக, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடம் வலமாகத் திருப்பிவிட்டார்கள். ஒன்றின் படத்தை வைத்துக்கொண்டு மற்றதைப் பூட்டுபவர், எல்லாப் பாகமும் படத்தில் உள்ளபடியே இருப்பதாக நினைத்துக்கொண்டு, வாஷரை மட்டும் எதிர்முனையில் போடுவார். சக்கரங்களைத் தவறாகப் போட்டால் அவை சேராது, உடனே தெரிந்துவிடும். வாஷர் எங்கே போட்டாலும் போகும்.

மூன்றாம் கியர் எழுதியது:

வலமும் இடமும் சொன்னதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் இருக்கும் படம் அப்படிப்பட்ட உறவுக்கார வண்டி ஒன்றினுடையதுதான். கிளட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நான் படத்தில் பார்க்கவே இல்லை.

பெட்டியைத் திறந்துவிட்டேன். ஷிம்மைக் கழுவி லென்ஸில் பார்த்தபோது, ஒரு முகத்தில் உள்விளிம்பிலிருந்து ஏறக்குறைய 19 மிமீ விட்டம்வரை கண்ணாடி போன்ற பளபளப்பு. அதற்கு வெளியே பழுப்பேறிய ஒரு வளையம். மறு முகம் முழுவதும் மங்கல். பளபளத்த முகத்தில் சம இடைவெளியில் மூன்று இடங்களில் மட்டும் சிறு திட்டுகள் தேயாமல் கறுத்து நின்றன. முதலில் அதற்குப் பொருள் விளங்கவில்லை. பிறகு லே ஷாஃப்ட்டின், அதாவது மெயின் ஷாஃப்ட்டுக்கு இணையாக ஓடும் துணைத் தண்டின், முதல் கியர் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தால், அதன் பக்கத்தில் எண்ணெய்க்காக வெட்டப்பட்ட மூன்று சிறு பள்ளங்கள், அவற்றின் வெளிவிளிம்பும் 19 மிமீ. வண்டியைக் கடைசியாக நிறுத்தியபோது இருந்த நிலையிலேயே எண்ணெய் காய்ந்து, பள்ளம் இருந்த இடம் ஷிம்மின் மேல் கறையாகப் பதிந்திருக்கிறது போலும். ஷிம் லே ஷாஃப்ட்டின் கிக்கர் பக்க முனைக்கு உரியது. நான் அந்த முனையில் ஒன்றும் போடவில்லை. எதிர்முனையில் போட வேண்டியதை மட்டும் போட்டிருக்கிறேன்.

மைக்ரோமீட்டரில் தடத்தின் கனம் 0.36 மிமீ. பேரிங்குகள் நான்கும் அடிவரை அமர்ந்திருக்கின்றன. இடைவெளி அளக்கும் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடும் அடியில் நுழையவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேஸின் இரு பாதிகளுக்கும் இடையில், எண்ணெய் கசியக் கூடாது என்பதற்காக 0.25 மிமீ கேஸ்கெட் காகிதம் வெட்டிப் போட்டிருந்தேன். கழற்றியபோது அங்கே காகிதம் இருந்ததாக நினைவில்லை. காய்ந்த பசைதான் இருந்தது.

ஃபீலர் கேஜ் எழுதியது:

கடைசி வரியை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் பாதி விவாதம் மிச்சமாகியிருக்கும்.

பசை மட்டும் போட்டு மூட வேண்டிய கேஸில் காகிதம் போடுவது, கசிவை அடைக்கும் வேலையோடு முடிவதில்லை. இறுக்கிய பின்னும் 0.2 மிமீ கனத்துக்கு அந்தக் காகிதம் நிற்கும். கேஸின் இரு சுவர்களும் அவ்வளவு விலகுவதால், மெயின் ஷாஃப்ட், லே ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட் மூன்றுக்கும் நீளவாட்டு ஆட்டம் (தண்டு தன் நீளத்தில் முன்னும் பின்னும் நகரும் அளவு) ஒரே நேரத்தில் 0.2 மிமீ கூடுகிறது. அதோடு உங்கள் லே ஷாஃப்ட்டில் 0.36 மிமீ ஷிம் இல்லை. இரண்டும் சேர்ந்தால் அரை மில்லிமீட்டருக்கு மேல் கூடுதல் ஆட்டம். ஃபோர்க் எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை, அதை நகர்த்தும் செலக்டர் பிளேட் முடிவு செய்கிறது. ஷாஃப்ட் எங்கே ஓடிப்போய் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஃபோர்க் சக்கரத்தை உரிய இடம்வரை கொண்டுபோய் விடும்போது, எதிர்ச் சக்கரம் பின்வாங்கி நின்றால், டாக்குகள் நுனியில் மட்டுமே கவ்வும். டாக்கின் நுனியோ ஏற்கனவே மழுங்கியது. சுமை ஏறியதும் மழுங்கிய மூலை ஒரு சரிவு போலச் செயல்பட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளும். மேசையில் நீங்கள் திருகிப் பார்த்ததும் அதுதான், சாலையில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும்போது நடந்ததும் அதுதான். ஆனால் முன்பு ஷிம் இருந்தபோதும் கழன்றது என்பதை மறந்துவிட வேண்டாம். ஷிம்மைப் போட்டுக் காகிதத்தை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்புவீர்கள்; பழைய நோய்க்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

எண்ணெய்க் கை எழுதியது:

காகிதத்தை இவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டாம். பழைய கேஸ்களில், முன்பு யாரோ ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பிய காயம் இல்லாத ஒன்றை நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட முகங்களில் பசை மட்டும் போட்டால் ஒரு மாதத்தில் வியர்க்கும். டூ ஸ்ட்ரோக்கில் இது வெறும் கசிவும் அல்ல. கிராங்க் அறைக்கும் கியர் அறைக்கும் இடையிலுள்ள சுவரில் அடைப்பு சரியில்லை என்றால், கிராங்க் அறை கியர் எண்ணெயை உறிஞ்சிப் புகைக்கும். நான் மெல்லிய காகிதம்தான் போடுகிறேன், கேடு ஒன்றும் வந்ததில்லை.

ஃபீலர் கேஜ் எழுதியது:

காகிதம் போடுங்கள், ஆனால் அதைக் கணக்கில் சேர்த்துவிட்டுப் போடுங்கள். காகிதத்தோடு இறுக்கி அளந்து, அதற்கேற்ப ஷிம்மைக் கூட்டினால் எனக்கு மறுப்பில்லை. அளந்த பிறகு காகிதத்தைச் சேர்ப்பதைத்தான் மறுக்கிறேன். காயம்பட்ட முகத்துக்கு, பெரிய தட்டைக் கண்ணாடிமேல் நுண்ணிய எமரித் தாளை விரித்து, மேடு நிற்கும் இடங்களை மட்டும் தேய்த்து எடுப்பது நல்ல வழி. முகம் முழுவதையும் தேய்த்துவிட்டால் ஆட்டம் குறைந்து எதிர்த்திசையில் அதே தொல்லை வரும்.

மூடிய முனையில், ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைக்க இடமிராது. ஷிம் போடும் இடத்தில் எண்ணெய் தடவிய பிளாஸ்டிசின் (காயாத விளையாட்டுக் களிமண்) துணுக்கு ஒன்றை வைத்து, பசையில்லாமல் கேஸை மூடி, எல்லா ஸ்க்ரூக்களையும் இறுக்கி, திறந்து, நசுங்கிய கனத்தை அளந்தால் இடைவெளி தெரிந்துவிடும். அதில் 0.1 முதல் 0.25 மிமீவரை ஆட்டத்துக்கு விட்டுவிட்டு மீதியை ஷிம்மால் நிரப்புங்கள். கையேட்டில் அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடுவது, கொஞ்சம் அதிகமாக விடுவதைக் காட்டிலும் மோசம்.

லேத் பட்டறை எழுதியது:

பழைய நோய்க்கு நான் இரண்டு இடங்களைச் சந்தேகிக்கிறேன். ஒன்று டாக்குகள். மூலைகள் மழுங்கியிருந்தால், சிலர் மின்பற்றவைப்பில் உலோகத்தை ஏற்றி அராவித் தருகிறார்கள். அதை வேண்டாம் என்பேன். இந்தச் சக்கரங்களின் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டது, அதன் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சூடு பட்டதும் அந்தக் கடினம் போய்விடும். சக்கரத்தை மாற்றுவதே சரி, மாற்றினால் கவ்வும் இணை இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். புதியதன் கூரிய மூலை பழையதன் மழுங்கிய மூலையோடு நீண்ட நாள் ஒத்துப்போகாது.

மற்றொன்று ஃபோர்க். அதைத் தட்டைக் கண்ணாடிமேல் படுக்க வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். இரு நுனிகளும் ஒன்றுபோல் கண்ணாடியைத் தொட வேண்டும். நுனிகளில் நீலம் பாய்ந்திருந்தால் அது எப்போதும் சக்கரத்தை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் கியர் எழுதியது:

இரண்டாவது கியரின் டாக் மூலைகள் நகத்தால் தடவினால் உணரும் அளவுக்கு மட்டுமே மழுங்கியிருக்கின்றன. ஃபோர்க்கைக் கண்ணாடிமேல் வைத்தபோதுதான் விடை கிடைத்தது. ஒரு நுனி ஒட்டி அமர்ந்தது. மற்றொன்றின் அடியில் முடிக்கனம் வெளிச்சம். ஃபீலர் கேஜில் 0.3 மிமீ தகடு நுழைந்தது. அந்த நுனியில் ஒரு பக்கம் மட்டும் நீலம். என்றோ ஒருவர் விழாத கியரை உதைத்து விழ வைத்திருக்கிறார்; அந்த ஒருவர் நானாகவும் இருக்கலாம்.

வளைந்ததை நிமிர்த்தாமல் வேறு ஃபோர்க் தேடிப் பிடித்தேன். காகிதத்தை எடுத்துவிட்டு, கேஸ் முகத்தில் மூன்று மேடுகளைத் தேய்த்து, ஷிம்மை உரிய முனையில் போட்டு, பசையில்லாமல் மூன்று முறை மூடித் திறந்து அளந்தேன். பழைய ஷிம்மோடு லே ஷாஃப்ட்டின் ஆட்டம் 0.22 மிமீ, 0.4 மிமீ கனமுள்ள புதிய ஷிம்மோடு 0.18 மிமீ. புதியதையே வைத்துக்கொண்டேன். மெயின் ஷாஃப்ட் 0.15 மிமீ. இப்போது மூன்று கியரும் விழுகின்றன, எவ்வளவு திருகினாலும் இரண்டாவது நழுவவில்லை. பசையிட்டு மூடுவதற்கு முன் கவனிக்க வேண்டியது வேறு ஏதாவது உண்டா?

எண்ணெய்க் கை எழுதியது:

ஷாஃப்ட்டின் பள்ளத்தில் அமரும் சர்க்ளிப் வளையத்தின் இரு முகங்களும் ஒன்றல்ல. ஒரு விளிம்பு மழுங்கலாகவும் மற்றது கூராகவும் இருக்கும். கூரிய விளிம்பு, தள்ளலைத் தாங்கும் பள்ளச் சுவரின் பக்கம் அமர வேண்டும். பழைய சர்க்ளிப்பை மறுபடி போட வேண்டாம். சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, ஷாஃப்ட்டின் பள்ளங்கள் அதைக் கிழிக்காமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நுழையுங்கள்.

குழல் சக்கரத்துக்குள் தனி ரோலர்கள் இருந்தால், கிரீஸில் ஒட்டி வைத்துவிட்டு, மூடுவதற்கு முன் ஒரு முறை எண்ணிவிடுங்கள். கிக்கர் ஸ்பிரிங்கை எத்தனை சுற்று முறுக்கி மாட்ட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். கிக்கரை அடிவரை மிதித்தாலும் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்ளாத அளவே மேல் வரம்பு.

வலமும் இடமும் எழுதியது:

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். கையேடு சொல்லும் பாகுநிலையிலேயே ஊற்றுங்கள். கியர் எண்ணெய்தானே என்று ஜிஎல்-5 வகையை ஊற்றிவிடாதீர்கள். அதில் உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்க்கைகள் சூட்டில் வெண்கல புஷ்ஷை அரிக்கக்கூடும், உங்கள் லே ஷாஃப்ட் அந்தப் புஷ்ஷில்தான் ஓடுகிறது. கிளட்ச்சும் அதே எண்ணெயில் நனைவதாக இருந்தால், உராய்வைக் குறைக்கும் சேர்க்கை கொண்ட கார் எண்ணெயும் ஆகாது.

மூன்றாம் கியர் எழுதியது:

பசையிட்டு மூடி, ஸ்க்ரூக்களை நடுவிலிருந்து வெளிப்புறமாகக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று தவணையில் இறுக்கினேன். நாற்பது கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. நீண்ட இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிப் பார்த்தேன், கழலவில்லை. முதல் எண்ணெயை வடித்தபோது விரலில் தேய்த்தால் மை போன்ற சாம்பல் நிறம் மட்டும் இருந்தது, துகள் எதுவும் தட்டுப்படவில்லை.

ஒரே ஒரு குறை. வண்டி நின்றபின் நியூட்ரல் அகப்படுவதில்லை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே தாண்டித் தாண்டிப் போகிறது. கியரை அதனதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் டீடென்ட் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா?

லேத் பட்டறை எழுதியது:

எஞ்சினை அணைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள். அப்போது எளிதாக அகப்பட்டால் பெட்டியில் குறையில்லை, கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை. முதல் கியரில் கிளட்ச்சை இழுத்துப் பிடித்திருக்கும்போது வண்டி முன்னே ஊர்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாம் கியர் எழுதியது:

ஊர்ந்தது. கிளட்ச் கேபிளில் 4 மிமீ தளர்வு இருந்தது. அதை 2 மிமீ ஆக்கி, பிரஷர் பிளேட் சாயாமல் எழும்படி ஸ்பிரிங் ஸ்க்ரூக்களையும் சமன் செய்தேன். இப்போது நின்ற இடத்திலேயே நியூட்ரல் விழுகிறது.